காலையில் வருவதாகச் சொன்னவர்

சுக்குக் கிடங்கில் சுக்கை வெளுப்பதற்காகக் கலக்கி வைத்திருந்த சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் வீரலட்சுமியின் போன் விழுந்தபோது, அவள் போட்ட கூச்சலில் வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே ஓடிவந்தார்கள். யாரோ தொட்டிக்குள் விழுந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள். ஒரு வகையில் அது சரிதான். அவள் புருஷன் அழகர் அந்தப் போனுக்குள்தான் இருந்தார்.

அழகர் பெயிண்டர். கல்யாணமான புதிதில் கடையநல்லூரிலிருந்து அவளையும் கூட்டிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்தவர், பிறகு இங்கேயே தங்கிவிட்டார். போன ஆடி மாதத்து மழையில், கும்பளங்கியில் ஒரு ஹோம்ஸ்டேக்குப் பெயிண்ட் அடித்துவிட்டுத் திரும்பும்போது, பஸ் வரும் கரைக்குப் போக ஏறிய தோணி நடுக்காயலில் கவிழ்ந்தது. மறுநாள் உடல் கிடைத்தது. போன் கிடைக்கவில்லை. சட்டைப் பையில் இருந்திருக்கும், தண்ணீரோடு போயிருக்கும் என்றார்கள். தோணிக்காரன் மட்டும் பிழைத்துக்கொண்டான் என்று காதில் விழுந்தபோது, வீரலட்சுமி அவன் பெயரைக்கூட விசாரிக்கவில்லை. பெயர் தெரிந்தால் நாளெல்லாம் அதையே சொல்லிச் சபித்துக்கொண்டிருப்போம் என்று அவளுக்குத் தெரியும். கும்பளங்கிப் பக்கம் அவள் போகவே இல்லை. போட் ஜெட்டி வழியாகப் போக வேண்டி வந்தால்கூட ஒரு சந்து சுற்றிப் போனாள்.

மிச்சம் இருந்தது அவளுடைய போனில்தான். அவர் எடுத்து அனுப்பிய படங்கள். வேலை செய்யுமிடத்திலிருந்து பேசி அனுப்பிய குரல்கள். கிடங்கு வேலையில் மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போது சுக்குக் குவியலுக்குப் பின்னால் போய் அதில் ஒன்றைப் போட்டுக் காதோடு வைத்துக்கொள்வாள். பெரிதாக ஒன்றும் இருக்காது. மீன் வாங்கவா, மகள் வந்துவிட்டாளா, அந்தப் பழைய லுங்கியை எங்கே வைத்தாய், அவ்வளவுதான்.

ரிப்பேர்க் கடைக்காரர் போனைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் அரித்துப் போய்விட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்று கையை விரித்தார். அன்றைக்கு அவள் இரண்டாவது முறையாகத் தாலி அறுத்தவள் மாதிரி வீட்டுக்கு வந்தாள்.

மகள் ரோஜாதான் வழி சொன்னாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். பிறந்ததிலிருந்து இந்த ஊர்தான். பேச்சில் பாதி மலையாளம். "அம்மா, அப்பாவோட அக்கவுண்டு நான்தானே உண்டாக்கிக் குடுத்தது. பாஸ்வேர்டு எனக்கு ஞாபகமுண்டு. அப்பா எடுத்த போட்டோ எல்லாம் அதுல கேறியிருக்கும்."

பள்ளிக்கூடத்தில் கொடுத்த டேப்லெட்டில் அவள் அதைத் திறந்ததும் படங்கள் வரிசையாக வந்து நின்றன. பாதி அடித்த சுவர்கள். ரோஜா சைக்கிளில். பாத்திரம் கழுவும் வீரலட்சுமியின் முதுகு. படம் எடுத்தது அவளுக்கு அப்போது தெரியவே தெரியாது.

"குரல் எங்கட்டி?"

"அது இதுல இல்லம்மா. அது போன்லயே போச்சு."

வீரலட்சுமி தன் முதுகு தெரிந்த படத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "இதையாவது காகிதத்துல போட்டு வாங்கிருவோம். இனிமே ஒரு மிசினையும் நான் நம்பமாட்டேன். கையில பிடிக்கிற மாதிரி வேணும்" என்றாள்.

பாலஸ் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் நௌரின் போட்டோக் கடை வைத்திருந்தாள். பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம், வீட்டில் தமிழ். பாஸ்போர்ட் போட்டோவும் ஜெராக்ஸுமாக நாள் முழுக்கக் கூட்டம் இருக்கும். வீரலட்சுமி விஷயத்தைச் சொன்னதும் அவள் வேறெதுவும் கேட்காமல், "தினம் கொஞ்சங் கொஞ்சமா போடலாம் அக்கா. ஒண்ணும் விட்டுப்போகாது" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வேலை முடிந்து சாயங்காலம் இருவரும் கடைக்குப் போவார்கள். மெஷினிலிருந்து படம் இளஞ்சூடாக வெளியே வரும். வீரலட்சுமி அதை ஓரத்தில் பிடித்து, ஊதி, மடியில் வைத்துக்கொள்வாள்.

ஒருநாள் ரோஜா டேப்லெட்டைத் திறந்தபோது, வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு படம் புதிதாக இருந்தது. ஒரு ஜன்னல். மரக்கம்பிகளுக்கு வெளியே காயல். கரையில் கல் பாவிய படித்துறை. ஆள் யாரும் இல்லை.

"இது ஏதாக்கும்? நான் கண்டதில்லையே" என்றாள் ரோஜா.

நௌரின் குனிந்து தேதியைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். "அக்கா, இது இன்னிக்குக் காலைல எடுத்தது."

கடையில் ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்தவர் காகிதத்தை நீட்டிக்கொண்டே இருந்தார். யாரும் வாங்கவில்லை.

மறுநாளும் ஒரு படம் வந்தது. அதே ஜன்னல், அதே படித்துறை. அன்றைக்குப் பனி மூட்டமாக இருந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. தினமும் காலையில் ஒன்று. எப்போதும் ஆளில்லாத படித்துறை.

"யாரோ அப்பாவோட போனை எடுத்திருக்காங்கம்மா. அவ்வளவுதான்" என்றாள் ரோஜா. சொல்லிவிட்டு டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"தண்ணிக்குள்ள போன போனை எப்படிட்டி எடுப்பாங்க?"

வீரலட்சுமியிடம் ஒரு பதில் இருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. தோணி கவிழ்ந்த மறுநாள் கொண்டுவந்து காட்டிய உடலின் முகத்தை அவளைப் பார்க்கவிடவில்லை. காயல் மீன்கள் முகத்தில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை என்றார்கள். அரைஞாண் கயிற்றையும் கால்விரல் தழும்பையும் வைத்துத்தான் அடையாளம் சொன்னாள். தழும்பு யாருக்கும் இருக்கலாம். அவர் எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறார். வழி தெரியாமல், பேர் மறந்து. படம் எடுக்க மட்டும் கை மறக்கவில்லை.

அந்த நினைப்பு வந்த பிறகு அவள் விடிவதற்குள் குளித்துவிடுவாள். தலை வாரி, புதுச் சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, டேப்லெட்டின் முன்னால் உட்காருவாள். படம் வந்ததும்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். அந்தப் படங்களையும் நௌரினிடம் கொடுத்துக் காகிதத்தில் போட்டு, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் வரிசையாக ஒட்டினாள். ஜன்னல், ஜன்னல், ஜன்னல். ஒன்றில் மழை, ஒன்றில் வெயில், ஒன்றில் கொக்கு. ரோஜா சுவருக்கு முதுகைக் காட்டிப் படுக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, இதைக் கிழிச்சுக் களையலாம். எனக்குப் பேடியா, பயமா இருக்கு. யாரோ அந்தப் பக்கத்திலேர்ந்து நோக்கற மாதிரி."

"நோக்கட்டும்" என்றாள் வீரலட்சுமி.

பிறகுதான் அந்தப் படம் வந்தது.

அதே ஜன்னல், அதே படித்துறை. ஆனால் படித்துறைக்கு அந்தப் பக்கம், தண்ணீரின் விளிம்பில், ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கைகளையும் லேசாக விரித்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி. வீரலட்சுமி கிடங்குக்குப் போகாமல் நேராக நௌரின் கடைக்கு ஓடினாள். கடை அப்போதுதான் திறந்திருந்தது. நௌரின் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். சந்தன நிறச் சட்டை. தோளில் நீலப் பெயிண்ட் வழிந்த கறை. முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு பச்சைத் துணி ஒட்டு.

அந்த ஒட்டைப் போட்டவள் வீரலட்சுமி. சந்தன நிறத் துணி கிடைக்காமல், ரோஜாவின் பழைய பாவாடையில் கத்தரித்துப் போட்டது. "பெயிண்ட் சட்டைதானட்டி, கிளியே வந்து உக்காந்தாலும் யாரு பாக்கப்போறா" என்று அழகர் சிரித்தார்.

நௌரின் ஏதோ ஓதியபடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். வீரலட்சுமி அழவில்லை. "ரோஜாவைக் கூப்பிடு. நான் போகணும்" என்றாள்.

எங்கே என்பதுதான் தெரியவில்லை. நௌரின்தான் அதுவரை போட்ட காகிதப் படங்களை எல்லாம் மேசையில் பரப்பச் சொன்னாள். அழகர் தன் வேலையைக் காட்ட எடுத்த படங்களில் ஒன்று, ஹோம்ஸ்டேயின் மஞ்சள் சுவர். அதன் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, ஒரு கல் படித்துறை. அதன் நடுவில் உடைந்த ஒரு படி. ஜன்னல் படத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்கள். அதே உடைந்த படி.

அன்றே தாயும் மகளும் கும்பளங்கி பஸ்ஸில் ஏறினார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்த வீரலட்சுமி வழியெல்லாம் கண்ணை மூடியிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடவில் தோணி நின்றது. அந்தக் கரைக்குப் போக வேறு வழி இல்லை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகளின் கையை வலிக்கும்படி பிடித்துக்கொண்டு, தோணியில் ஏறி உட்கார்ந்தாள். தண்ணீர் பலகைக்கு ஒரு சாண் கீழே இருந்தது. அது அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

மஞ்சள் சுவர் தெரிந்தது. அதை ஒட்டி ஒரு சின்ன ஓட்டு வீடு. வீட்டுக்கு முன்னால் படித்துறை. அதற்கு அந்தப் பக்கம் இறால் வளர்க்கும் குளம். அதன் வரப்பில் அந்த ஆள் நின்றுகொண்டிருந்தான்.

"அப்பா" என்றாள் ரோஜா, மூச்சுக்குள்.

வீரலட்சுமி கரையில் கால் வைத்ததும் ஓடினாள். பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது. கழியில் குறுக்குக் கழி கட்டி, தலைக்குப் பதிலாக ஒரு சட்டியைக் கவிழ்த்திருந்தார்கள். நீர்க்காகங்களை விரட்ட நட்ட பொம்மை. சட்டை மட்டும் நிஜம். காற்றில் அதன் கை உப்பி எழுந்து, மறுபடி தொங்கியது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் ஜெபமாலை. யாரென்று கேட்க வாயெடுத்தவள், ரோஜாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். திரும்பி வீட்டுக்குள் பார்த்து, "தேவஸ்ஸிக்குட்டிச் சேட்டா... அவரு வந்நு" என்றாள். அவர்கள் வந்துவிட்டார்கள் என்று.

அறையில் ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலில் ஒருவர் சாய்ந்து படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே போர்த்தியிருந்தது. கையில் அழகரின் போன். அவர் ரோஜாவைப் பார்த்து, வெகுநாள் பழகியவர் மாதிரி, "ரோஜாமோள்" என்றார். பிறகு வீரலட்சுமியைப் பார்த்து, "வீரா" என்றார்.

அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட உலகத்தில் ஒருவர்தான் இருந்தார்.

"நீங்க யாரு?"

அந்தப் பெண்தான், அவருடைய மனைவி பிலோமினா, தரையில் பாய் விரித்து அவர்களை உட்காரவைத்து, மெதுவாகச் சொன்னாள். வீரலட்சுமிக்குப் புரியாத இடத்தில் ரோஜா தமிழில் சொன்னாள்.

அன்றைக்குத் தோணியைக் கழி ஊன்றி ஓட்டியது இவர்தான். அழகர் வேலை முடித்து, இந்த வீட்டில் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது வானம் இருட்டியது. போன் நனைந்துவிடும், இங்கேயே இருக்கட்டும், காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி, போனையும் பெயிண்ட் சட்டையையும் பிலோமினாவிடம் கொடுத்தார். தோணி கவிழ்ந்ததும் அவர் அழகரின் கையைப் பிடித்தார், பிடி நழுவியது. மீன் பிடிக்கும் சீனவலையைத் தாங்கும் மரத்தூண் முதுகில் அடித்து தேவஸ்ஸிக்குட்டிக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. போன் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கிடந்தது. வீட்டுக்கு வந்த பிறகு பிலோமினா பெயிண்டிங் காண்டிராக்டரிடம் போய் விசாரித்தாள். அழகர் குடும்பத்தார் எல்லாம் தமிழ்நாட்டுக்கே திரும்பிவிட்டார்கள் என்று அவர் சொன்னார். போனில் சிம்மும் செத்திருந்தது. யாருக்குக் கொடுப்பது, எங்கே கொடுப்பது?

"சார்ஜில் இட்டப்போ தானே திறந்நு. பூட்டு ஒண்ணும் இல்ல" என்றாள் பிலோமினா. "இவரு படுத்துட்டே அதைப் பாப்பாரு. உங்க சேட்டன் பேசறதைக் கேப்பாரு. கேட்டுக் கேட்டு எனக்கே எல்லாம் மனப்பாடம்."

பக்கத்து ஹோம்ஸ்டேயின் வைஃபையில் அழகர் எப்போதோ போட்டுவைத்த பாஸ்வேர்டு போனுக்கு நினைவிருந்தது. படங்கள் அதன் வழியாகத் தானாகவே ஏறியிருக்கின்றன. அவை யாருக்காவது போய்ச் சேரும் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

"எதுக்கு தினமும் அந்தப் படிய எடுக்கீங்க?" என்று வீரலட்சுமி நேராகத் தேவஸ்ஸிக்குட்டியைக் கேட்டாள்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "ராவிலே வராம்னு பறஞ்ஞிட்டுப் போயதாணு."

காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த மனிதர் தினமும் விடிந்ததும் அவரை எதிர்பார்த்திருக்கிறார். வரவில்லை என்பதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். தண்ணீருக்குள் தன் கையை விட்டு நழுவின ஒருவர், அந்தப் படியேறி வந்து போனைக் கேட்பார் என்று.

"சட்டையை ஏன் அதுல மாட்டினீங்க?" என்றாள் ரோஜா. அவள் குரலில் கோபம் இருந்தது.

பிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள். "துவைச்சு மடிச்சு வச்சிருந்தேன் மோளே. வீட்டுக்குள்ள அதைக் காணும்போதெல்லாம் இவரு கரைஞ்ஞு அழுவாரு. களையவும் மனசு வரல்ல. நேத்துதான் இறால் குஞ்சு விட்டோம், பட்சி வந்து கொத்தும்... அங்கே நிக்கட்டும்னு இட்டேன். இட்டப்பறம் எனக்கும் பேடியாயி. அது காணாம இருக்க அடுக்களை வாசலை அடைச்சுட்டேன்."

வெளியே சட்டை படபடவென்று அடித்துக்கொண்டது.

தோணிக்காரனைப் பார்த்தால் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று வீரலட்சுமி மாதக்கணக்கில் மனசுக்குள் சேர்த்துவைத்திருந்தாள். அந்த மனிதர் எதிரில் இருந்தார். மெலிந்து, ஜன்னல் வெளிச்சத்தில் கண் கூசி. அவருக்கு அவள் வீட்டுப் படங்கள் எல்லாம் தெரியும். அவள் முதுகு தெரியும். அவளைப் புருஷன் எப்படிக் கூப்பிட்டார் என்பது தெரியும். தன்னைப் போலவே அவரும் விடிவதற்கு முன்னால் எழுந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறார். இங்கே இவர் படம் எடுக்க, அங்கே அவள் புதுச்சேலை உடுத்தியிருக்கிறாள்.

அவள் எழுந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணே, அவரு வரமாட்டாரு" என்றாள். "அதான் நான் வந்திருக்கேன், வாங்கிட்டுப் போக."

சொன்ன பிறகு, அதை அதுவரை யாரிடமும், தன்னிடம்கூட, சொன்னதில்லை என்பது அவளுக்கு உறைத்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். தேவஸ்ஸிக்குட்டி தமிழ் புரியாதவர் மாதிரி கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு போனை இரண்டு கைகளாலும் எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டதும், கண்ணை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார். பிலோமினா அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

சட்டையை ரோஜா போய்க் கழற்றிக்கொண்டு வந்தாள். வரப்பிலிருந்து வழுக்கி முழங்கால்வரை சேறு. சட்டைக்குப் பதிலாகத் தன் ஷாலைக் கழியில் கட்டிவிட்டு வந்திருந்தாள்.

பிறகு படங்கள் வரவில்லை. வீரலட்சுமி சில நாள் பழக்கத்தில் விடியும் முன் எழுந்து டேப்லெட்டின் முன்னால் உட்கார்ந்தாள். ஜன்னல் படங்களைச் சுவரிலிருந்து அவளே ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். கிழித்துப்போட மனம் வரவில்லை. நௌரின் எல்லாப் படங்களையும் சேர்த்துக் கெட்டி அட்டை போட்டுத் தைத்துக் கொடுத்தபோது, அவையும் கடைசிப் பக்கங்களில் இருந்தன.

அழகரின் போனில் குரல்கள் இருந்தன. ஒன்றுகூட அழியவில்லை. ஆனால் பாட்டரி உப்பத் தொடங்கியிருந்தது. எப்போது வேண்டுமானாலும் போய்விடும் என்று ரிப்பேர்க் கடைக்காரர் எச்சரித்தார். நௌரின் அவற்றை வேறு இடங்களில் ஏற்றிவைத்தாள். வீரலட்சுமிக்கு அது போதவில்லை.

"குரலைக் காகிதத்துல போட முடியுமா நௌரின்?"

"எழுதி வைக்கலாம் அக்கா. வேற என்ன செய்ய?"

எழுத உட்கார்ந்தவள் ரோஜா. அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. அதனால் அப்பா பேசிய தமிழை மலையாள எழுத்தில் எழுதினாள், ஒரு சொல்லையும் மாற்றாமல், அவர் இருமியதையும் நடுவில் யாரையோ திட்டியதையும் சேர்த்து. வீரலட்சுமிக்கு அந்த எழுத்து தெரியாது. தாளைக் கையில் வாங்கி, வட்ட வட்டமான வரிகளைத் தடவிப் பார்த்துவிட்டு மகளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"வாசிட்டி. சரியா இருக்கான்னு பாப்போம்."

சாயங்காலம், விளக்கேற்றும் நேரம். ரோஜா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசித்தாள். முதலில் தட்டுத்தடுமாறி, தன்னுடைய கொச்சித் தமிழில். வாசிக்க வாசிக்க அவள் குரல் தாழ்ந்தது. இந்த ஊரில் பிறந்தவள் வாயில் ஒருநாளும் வராத கடையநல்லூர் இழுப்பு, அந்த எழுத்துக்களுக்குள்ளிருந்து எழுந்து வந்தது. அவளுக்கே அது தெரியவில்லை. அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த வீரலட்சுமி கழுவுவதை நிறுத்தினாள்.

"ஏ வீரா, மழ கொட்டுதுட்டி. கொடியில கெடக்க துணியெல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு" என்றாள் வீரலட்சுமி.

ரோஜா வாசிப்பதை நிறுத்திவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீ நிறுத்தாத" என்றாள் வீரலட்சுமி. "வாசி."